ஆஃப்செட்டும் ஒன்பதாவது கேள்வியும்

ஆஃப்செட் காதோடு காதாகச் சொல்லும் ரகசியத்தைவிடச் சத்தமான வெடியைச் சிவகாசியில் இதுவரை யாரும் தயாரித்ததில்லை. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. பி.எட். படித்த காலம் முழுக்க அந்தக் காதுக்குச் சொந்தக்காரி நான்தான்.

அவளுக்கென்று வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. காலையில் வருகைப் பதிவு எடுக்கும்போது மட்டும் அதைக் கூப்பிடுவார்கள். அவள் "உள்ளேன் ஐயா" என்றதும் மாடியில் முதல்வர் தன் அறைக் கதவைத் திறந்து, "யாரு கூப்பிட்டது?" என்று எட்டிப் பார்ப்பார். மற்ற நேரமெல்லாம் ஆசிரியர், மாணவர், கேன்டீன்காரர் எல்லோருக்கும் அவள் ஆஃப்செட்தான்.

காரணம் அவள் வீடு. சிவகாசியில் ஓர் அச்சாபீசுக்கு மேல்மாடியில் குடியிருந்தார்கள். கீழே ஆஃப்செட் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும். காலண்டர் சீசன் வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காது. அந்த வீட்டில் உப்பு வேண்டுமென்றால் கத்த வேண்டும், போதுமென்றால் அதைவிடக் கத்த வேண்டும். முதல் தடவை அங்கே சாப்பிடப் போனபோது, குடும்பமே சண்டை போடுகிறது என்று பயந்து தட்டோடு எழுந்துவிட்டேன். "ஏன் தாயி எந்திரிச்சிட்டீக? கொளம்பு பிடிக்கலையா?" என்று அவள் அப்பா பாசமாகக் கேட்டார். அந்தப் பாசத்தில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. மிஷின் நின்ற நாளிலும் அப்பாவும் இரண்டு அண்ணன்களும் அதே குரலில்தான் பேசினார்கள். மற்றவர்கள் பேசுவது அவர்களுக்கு முணுமுணுப்பாகத்தான் கேட்டிருக்க வேண்டும்.

பயிற்சிக்காகப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். இவள் ஆறாம் வகுப்பில் கேள்வி கேட்டால் சுவருக்கு அந்தப் பக்கம் ஏழாம் வகுப்பு பதில் சொன்னது. அங்கே பாடம் நடத்திக்கொண்டிருந்தவள் நான். என் பிள்ளைகள் என்னைப் பார்த்தபடியே இவளுக்குப் பதில் சொன்னார்கள்.

ஒருநாள் புதிதாக வந்த விரிவுரையாளரின் தலைமுடியில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நோட்டின் ஓரத்தில் எழுதி இவளிடம் காட்டினேன். இவள் வாயைக் கையால் மூடிக்கொண்டு, மிகுந்த பொறுப்போடு, "அது விக்காடி?" என்று கேட்டாள். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவரின் இடது கை தானாகத் தலைக்குப் போனது. அதன்பிறகு அந்த ஆசிரியர் என் முகத்தைப் பார்த்துப் பாடம் நடத்தவே இல்லை. அவளுடன் பழகிய காலத்தில் நான் வெட்கப்படாத நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பரீட்சை முடிந்ததும் விடைகளை ஒத்துப் பார்ப்பது என்று ஒரு பழக்கம் அவளுக்கு இருந்தது. அது முடியாமல் அவளுக்குச் சோறு இறங்காது. வினாத்தாளை விரித்து வைத்துக்கொண்டு, முதல் கேள்வியிலிருந்து, "நீ என்ன எளுதுனே? நான் இப்பிடி எளுதுனேன்" என்று ஆரம்பிப்பாள். அவள் எழுதியது பெரும்பாலும் தப்பாக இருக்கும். ஆனால் அவள் சொல்லும் உறுதியைப் பார்த்து, சரியாக எழுதியவர்கள் அழுவார்கள். அதனால் பரீட்சை மணி அடித்ததும் எங்கள் வகுப்பு வெடி வைத்த இடம்போலச் சிதறி ஓடும். நான் மட்டும் ஓட முடியாது. இரண்டு பேருக்கும் ஒரே பஸ்.

கடைசிப் பரீட்சை உடல்நலமும் உடற்கல்வியும். கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம் என்று எல்லோரும் சொன்ன தாள். எனக்கோ அந்த வாரம் வேறு கவலை இருந்தது. வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் ஆனைக்குட்டம் பக்கம். அப்பாவுக்குப் பருத்தியும் மக்காச்சோளமும்தான் உலகம். விருதுநகரில் பருப்பு வியாபாரம் செய்யும் குடும்பம் ஒன்று தகைந்து வந்தது. படங்களெல்லாம் போனில் போய் வந்துவிட்டன. வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எங்க வீட்டுல யாரும் அதிர்ந்து பேச மாட்டோம். அதுக்குத் தக்கன பொண்ணு வேணும்." எங்கள் தரகர் அதற்கு, "பொண்ணு வீட்டுல இருக்குற எடமே தெரியாதுங்க" என்று வாக்குக் கொடுத்திருந்தார். எனக்கும் படத்தில் பார்த்ததிலிருந்தே அந்தப் பையனைப் பிடித்துப் போயிருந்தது. ஆகவே அந்த வாரம் முழுக்கத் தும்மலைக்கூட அடக்கிக்கொண்டு திரிந்தேன்.

பரீட்சை முடிந்து விருதுநகரில் சிவகாசி பஸ் ஏறினோம். உட்கார்ந்ததும் வினாத்தாளை விரித்தாள்.

"வீட்டுக்குப் போயி போன்ல பேசுவோம்டி" என்றேன்.

"மறந்துரும். மெதுவாத்தான பேசுறேன்" என்றாள். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பினார்கள்.

முதல் கேள்வி சரிவிகித உணவு. முன்சீட்டுப் பெரியவர் ஒருவர் காதைக் கொடுத்துவிட்டு, "கம்பங்கூள எளுதுனியா?" என்று கேட்டார். எழுதவில்லை என்றாள். "அப்பம் மார்க்கு போச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அவர் திரும்பிக்கொண்டார். அடுத்தது கபடி மைதானத்தின் அளவு. டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் எங்கள் சீட்டருகே நின்றுவிட்டார். "நான் ஜில்லாவுக்கு ஆடுனவன். ஆம்பளைகளுக்குப் பதிமூணுக்குப் பத்து, பொம்பளைகளுக்குப் பன்னெண்டுக்கு எட்டு. நீ எதை எளுதுன?"

"ரெண்டு பேரும் சமந்தானன்னு பதிமூணுக்கு எட்டுன்னு எளுதிட்டேன்."

கண்டக்டர் அவளைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. மனசு விட்டுப்போன மனிதரின் பார்வை அது. அதற்குப் பிறகு இரண்டு நிறுத்தங்களில் ஏறியவர்களுக்கு அவர் டிக்கெட் கொடுக்கவே மறந்துவிட்டார்.

வழியில் பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் கூட்டமாக ஏறினார்கள். வானம் மூடி மின்னல் வெட்டினால் கம்பெனியில் வேலையை நிறுத்தி அனுப்பிவிடுவார்கள். அன்று அப்படி அனுப்பியிருந்தார்கள். கையெல்லாம் வெள்ளிப்பூச்சாக வெடிமருந்து. கடைசி சீட்டுவரைக்கும் நிறைந்து நின்றவர்களில் ஒரு அக்கா, "என்ன புள்ள அது, பரிச்சைத் தாளா? சத்தமா வாசி, பின்னால கேக்கல" என்றார்.

ஆஃப்செட் பிறந்ததிலிருந்து அவளிடம் யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். முகம் அப்படி மலர்ந்தது. அதுவரைக்கும் அவள் மெதுவாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஒன்பதாவது கேள்வி" என்று ஆரம்பித்தாள். ஒன்பதாவது கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்கள் உடல்நலத்தில் கவனிக்க வேண்டியவை யாவை, அல்லது பத்மாசனத்தின் பயன்களை விளக்குக. நான் பத்மாசனத்தின் பக்கம் ஒதுங்கிவிட்டேன். அவள் ஒதுங்குகிற ஆள் இல்லை. கேள்வியை அப்படியே வாசித்தாள். டிரைவர் பாட்டைக் குறைத்தார்.

"நான் என்ன எளுதுனேன்னா, தீட்டு நின்னு போனதுக்கப்புறம் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே டாக்டர்கிட்டப் போயிரணும். சூடுன்னு சொல்லி மோரக் குடிச்சிட்டு இருக்கக் கூடாது. வெக்கப்பட்டு ஒளிச்சு வைக்கவே கூடாது. பாதிப் பேருக்கு ஒண்ணும் இருக்காது, ஆனா பாக்காம தெரியாதுல்ல. இப்பிடி எளுதுனேன். நீ என்ன எளுதுனே?"

பஸ்ஸில் இருந்த ஆண்கள் அனைவரும் ஒரே நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். வெளியே சீமைக்கருவேலம் தவிர வேறு எதுவும் இல்லாத பொட்டல். அதை அவ்வளவு ஆசையாகப் பார்த்த கூட்டத்தை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. பெண்கள் ஒருத்தரும் சிரிக்கவில்லை. முன்னால் பச்சைச் சேலை கட்டிய ஒரு அம்மா மட்டும் மெதுவாகத் திரும்பி, முதலில் அவளையும் பிறகு என்னையும் பார்த்தார்.

போனில் நான் பத்து தடவை பெரிதாக்கிப் பார்த்த படத்தில், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்ற முகம் அது. அவருடைய அம்மா.

எங்கள் ஊருக்குப் பாதை பிரியும் விலக்குக்கு முந்தின நிறுத்தத்திலேயே கூட்டத்தைப் பிளந்துகொண்டு குதித்துவிட்டேன். அடையாளம் தெரிந்திருக்காது, படத்தில் பட்டுச் சேலை கட்டியிருந்தேனே என்று ஒரு நப்பாசை இருந்தது. பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏய் ஆனைக்குட்டம் ராஜி, நீ எறங்குற எடம் இது இல்லடி. ஒன்பதாவது கேள்விக்கு என்ன எளுதுனேன்னு சொல்லாமப் போறியே" என்று ஆஃப்செட் கத்தினாள். ஊரும் பேரும் சேர்ந்து போயிற்று. தூறலில் நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் அவளைத் திட்டினேன். அம்மாவிடம் மூச்சு விடவில்லை.

சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லி ஆள் வருமென்று தினமும் வாசலைப் பார்த்தேன். யாரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்களே வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா. உண்மையிலேயே அமைதியான குடும்பம். சாத்தூர்க் காராச்சேவைச் சத்தமில்லாமல் தின்னும் மனிதர்களை அன்றுதான் பார்த்தேன். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் எதையும் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பொண்ணுகிட்டத் தனியா ஒரு வார்த்த பேசணும்" என்றார். என் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

மக்காச்சோள மூட்டை அடுக்கிய பின்னறைக்குக் கூட்டிப் போனேன். உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு, "அன்னைக்கி பஸ்ஸுல ஒன் பக்கத்துல இருந்துச்சே ஒரு புள்ள" என்று ஆரம்பித்தார்.

"அது யாருன்னே எனக்குச் சரியாத் தெரியாது அத்தை. சும்மா பக்கத்துல வந்து உக்காந்துச்சு" என்றேன். கொஞ்சம்கூட யோசிக்காமல் வந்தது.

அவர் முகம் வாடிப்போயிற்று. "தெரியாதா? அடடே. அந்தப் புள்ளகிட்ட ஒரு வெவரம் கேக்கணும்னுதான் நான் மெனக்கெட்டு வந்தேன்."

பெண் பார்க்க வந்த இடத்தில், பார்க்க வந்தது என்னை இல்லை. அத்தை ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். "எனக்கு நின்னு மூணு வருசம் ஆச்சு தாயி. இப்பம் நாலஞ்சு மாசமா அப்பப்பம் படுது. ஒருத்தர்கிட்டயும் சொல்லல. அன்னைக்கி சிவகாசில எங்க அக்காகிட்டச் சொல்லுவோம்னுதான் பஸ் ஏறுனேன். போயி, சாப்பிட்டு, சொல்லாமத் திரும்பிட்டேன். பையனுக்குப் பொண்ணு பாக்குற வயசுல இதப் போயி எப்பிடிச் சொல்ல? வெக்கமா இருக்கு." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அந்தப் புள்ள சொன்னுச்சுல்ல, ஒரு சொட்டு பட்டாலும் போகணும்னு. அது நெசந்தானா, இல்ல மார்க்குக்கு எளுதுனதா?"

எனக்குத் தெரியவில்லை. அந்தப் பாடத்தை நான் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. பத்மாசனத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் ஒன்றரைப் பக்கம் சொல்லியிருப்பேன். ஒரு அம்மா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்க, நான் திருதிருவென்று விழித்தபடி நின்றேன்.

"அவ என் ஃபிரண்டுதான் அத்தை. இருங்க, கூப்பிடுறேன்" என்று போனை எடுத்தேன். ஸ்பீக்கரில் போடவில்லை. போடவேண்டிய தேவையும் இல்லை. "மெதுவாப் பேசுடி, வீட்டுல ஆள் இருக்காக" என்றுதான் தொடங்கினேன். கீழே மிஷின் ஓடும் சத்தத்துக்கு மேலே, "மெதுவாத்தான பேசுறேன், சொல்லு" என்றாள். வெளியே கூடத்தில் பேச்சு நின்றது. கேள்வியைச் சொன்னேன்.

"யாருக்குடி? ஒனக்கா?" என்றாள். கூடத்தில் ஒரு டம்ளர் கீழே விழுந்தது.

"எனக்கில்லடி. ஒரு தெரிஞ்சவுகளுக்கு."

"அப்பம் நாளைக்கே கூட்டிட்டுப் போ. தள்ளிப் போடாத. பயப்பட வேண்டாம்னு சொல்லு, ஆனா பாத்துரணும். தொணைக்கு ஆள் இல்லன்னா நான் வாறேன். யாரு என்னன்னு எனக்குத் தெரிய வேண்டாம்."

போனை வைத்தேன். அத்தைதான் எழுந்து கதவைத் திறந்தார். மாப்பிள்ளையின் அப்பா எழுந்து நின்றிருந்தார். "யாருக்கு என்ன?" என்று கேட்டார். அத்தை தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குத்தான்" என்றார்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நம்ம வீட்டுல யாரு எதைப் பேசியிருக்கோம்?"

அவர் உட்கார்ந்து, மடியில் விழுந்திருந்த காராச்சேவை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் வைத்தார். என் அப்பா எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்தார். மாப்பிள்ளைதான் என் பக்கம் திரும்பினார். "நாளைக்குக் காலைல வண்டி எடுத்துட்டு வாறேன். அந்தப் பொண்ணையும் வரச் சொல்றீங்களா?" என் கணவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை, இன்னொருத்தியைக் கூப்பிடச் சொன்னதுதான்.

அவள் வந்தாள். விருதுநகர் ஆஸ்பத்திரியில் வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் நாங்கள் யார், எதற்கு வந்திருக்கிறோம், காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிட்டது. எனக்குப் பழகிய வெட்கம் பிடுங்கித் தின்றது. அத்தையோ அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், என் கையை இல்லை. பெயரைக் கூப்பிட்டதும்தான் அந்தக் கையை விட்டுவிட்டு உள்ளே போனார்.

"ஒனக்கு எப்பிடிடி இதெல்லாம் தெரியும்? புஸ்தகத்துல இம்புட்டு இல்லையே" என்று கேட்டேன்.

"எங்கம்மா இதுலதான செத்துப்போனா" என்றாள்.

எனக்கு அதுவரை தெரியாது. அம்மா இல்லை என்பது தெரியும். எப்படி என்று நான் கேட்டதில்லை. அவளைப் பேசவிடாமல் இருப்பதிலேயே என் காலம் போயிருந்தது.

"எங்க வீட்டுல ரகசியம் சொல்ல முடியாதுல்ல ராஜி. கீள மிஷின் ஓடும். அண்ணனுங்க இருப்பானுங்க, அப்பா இருப்பாக. கத்திச் சொன்னாத்தான் கேக்கும். இதப் போயி எப்பிடிக் கத்திச் சொல்லுவா? எங்கிட்டச் சொல்ல ரெண்டு மூணு தடவ வாயத் தெறந்தா. எனக்குக் கேக்கல, சத்தமாச் சொல்லும்மான்னேன். ஒண்ணுமில்லன்னு போயிட்டா. ஆஸ்பத்திரிக்குப் போனப்பம் ரொம்ப லேட்டுன்னுட்டாக."

இதையும் அவள் தன் குரலில்தான் சொன்னாள். நீளமான அந்த வராந்தா முழுக்கக் கேட்டது. குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த ஒருத்தி தட்டுவதை நிறுத்திவிட்டாள். மருந்து வாங்கும் ஜன்னலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் ஒருவர் வேகமாக வந்து என்னிடம், "இது ஆஸ்பத்திரிம்மா. கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்லுங்க அவங்கள" என்றார்.

"மெதுவாப் பேசுடி" என்பது எனக்கு மூச்சு மாதிரி பழகிய வார்த்தை. வாயில் தயாராகவும் இருந்தது.

"அவ பேசட்டும் சிஸ்டர்" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

அத்தைக்குச் சீக்கிரமே பார்த்ததால் ஓர் ஆபரேஷனோடு சரியாகிவிட்டது. பரீட்சை முடிவும் வந்தது. அந்தத் தாளில் ஆஃப்செட் தட்டுத்தடுமாறிப் பாஸ். வகுப்பிலேயே அதிக மார்க் எனக்குத்தான். எனக்கு இன்றுவரை பத்மாசனம் போட வராது. அந்த மார்க்கை யாராவது பாராட்டினால் இப்போதும் பேச்சை மாற்றிவிடுவேன்.

அவள் இப்போது சாத்தூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஞாயிற்றுக்கிழமைதோறும் அத்தைக்குப் போன் செய்வாள். அத்தை போனை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்தபடி பேசுவார். மாமா எழுந்து மாடிக்குப் போய்விடுவார், அங்கேயும் கேட்கும். பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று எனக்கு ஒவ்வொரு வாரமும் வெட்கமாகத்தான் இருக்கிறது. அவள் கூப்பிட மறந்த வாரங்களில் மட்டும் சாயங்காலமானால் நானே கூப்பிட்டு, போனை அந்தத் திட்டில் வைத்துவிடுகிறேன்.